சொல்லக் கேட்ட படம்

அந்த ஊரில் சினிமா பார்ப்பதற்கும் கட்சி பார்க்க வேண்டியிருந்தது. பகல் காட்சி வாளிச் சின்னக்காரர்களுக்கு. மாலைக் காட்சி சீப்புச் சின்னக்காரர்களுக்கு. இதை யாரும் உத்தரவு போட்டு ஏற்படுத்தவில்லை. போன நகராட்சித் தேர்தல் முடிந்த கையோடு வந்த ஒரு படத்தில் கதாநாயகன் ஊழலைப் பற்றி ஒரு வசனம் பேசினான். அது தங்களைத்தான் குத்துகிறது என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டார்கள். ஏழெட்டு நாற்காலிகளுக்குக் கால் போயிற்று. அதற்கப்புறம் இவர்கள் வரும் காட்சிக்கு அவர்கள் வருவதில்லை. எந்தக் கட்சியிலும் இல்லாத இரண்டொருவர், எந்தக் காட்சிக்குப் போவதென்று தெரியாமல் படம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

தியேட்டரை நடத்தியவளை ஊரில் எல்லோரும் தியேட்டர் அக்கா என்பார்கள்; அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். டிக்கெட் கொடுப்பது, இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டுவது, இடைவேளையில் டீ ஊற்றுவது எல்லாம் அவளே. டிக்கெட் ஜன்னலைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடி, "இன்னைக்கு வர்றவங்க கொஞ்சம் மனசு லேசாகி வீட்டுக்குப் போகணும், கடவுளே" என்று கேட்டுக்கொள்வாள். கூட்டம் வர வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்டிருக்கலாம், பாதி அரங்கம் காலியாகத்தான் கிடந்தது.

ஆனால் அவள் மனதை அறுத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு காலி சீட்டு. அவள் கணவருக்குப் பக்கத்து சீட்டு.

அவர் மைக் செட் வாடகைக்கு விடுபவர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போய்விட்டது. பார்வை இல்லாதவர் போயும் போயும் தியேட்டர்க்காரியைக் கட்டிக்கொண்டதைப் பற்றி அவரே ஊரைச் சிரிக்க வைப்பார். "இந்த ஊர்லயே ஓசியில படம் பார்க்கிற உரிமை எனக்குத்தான். கடவுள் உரிமையைக் கொடுத்துட்டு மத்ததை வச்சுக்கிட்டார்" என்பார். ஆனால் வந்த படங்களையெல்லாம் அவர் பார்த்துத்தான் இருந்தார். அவளுடைய அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல.

அண்ணன் பைப் கடை வைத்திருந்தார். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்; பிறகுதான் மச்சானும் மாப்பிள்ளையும் ஆனார்கள். படம் சொல்வதில் அண்ணனுக்கு ஒரு கை இருந்தது. "மீசையை முறுக்குறான் மாப்பிள்ளை. ஒரு பக்கம்தான் இருக்கு" என்று அவர் காதோடு சொல்லி முடிக்கவும் அரங்கம் சிரிக்கவும் சரியாக இருக்கும். மைக் செட்காரரின் சிரிப்பு மற்றவர்களுடைய சிரிப்போடு ஒன்றாகக் கிளம்பும், ஒரு நொடி கூடப் பிந்தாது. முன் வரிசைக்காரர்கள் இதைக் கேட்பதற்கென்றே சாய்ந்து உட்காருவார்கள்.

ஒருவர் வாளி, ஒருவர் சீப்பு என்பது பல வருடங்களாக இருந்ததுதான். அதில் வீட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. கெடுத்தது மேடை. தேர்தலுக்கு முந்தைய வாரம் மைக் செட்காரர் சீப்பு மேடையில் ஏறி, "என் மச்சானுக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம்தான் எதுவும் தெரியாது" என்றார். கூட்டம் சிரித்தது. மறுநாள் பைப் கடைக்காரர் வாளி மேடையில் ஏறினார். "கண்ணு தெரியாதவர் வழி காட்டுற கட்சி எந்தச் சாக்கடையில விழும்னு நீங்களே யோசிச்சுக்குங்க" என்றார். கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. வீட்டில் உட்கார்ந்திருந்த மைக் செட்காரரின் காது வரைக்கும் அந்தச் சிரிப்பு வந்து சேர்ந்தது. அவர் வாடகைக்குக் கொடுத்த ஒலிபெருக்கிதான் அதைக் கொண்டுவந்து சேர்த்தது.

அதிலிருந்து அண்ணன் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பகல் காட்சியில் தனியாக வந்து படம் பார்த்துவிட்டுப் போனார். மைக் செட்காரர் படம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, வானொலிப் பக்கம் போய்விட்டார்.

இந்த நிலையில்தான் அந்த நகைச்சுவைப் படம் வந்தது. ஒரு சின்ன ஊர். அதில் இரண்டு கட்சி. ஒன்றுக்குச் சின்னம் தொப்பி, இன்னொன்றுக்குச் செருப்பு. அவ்வளவுதான் கதை. மற்ற ஊர்களில் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாகச் செய்தி.

இங்கே பகல் காட்சியில் வாளிக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. தியேட்டர் அக்கா திரைச்சீலை ஓரம் நின்று பார்த்தாள். சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தார்கள், சிரித்தால் கட்சிக்குத் துரோகமோ என்று. மாலைக் காட்சியில் சீப்புக்காரர்களும் அப்படியே. மைக் செட்காரர் அன்று வந்திருந்தார். பக்கத்தில் அவளே உட்கார்ந்துகொண்டாள்.

படத்தின் நடுவில் ஒரு நீண்ட காட்சி. பேச்சே கிடையாது. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே வீட்டுச் சுவரில் மாற்றி மாற்றிப் போஸ்டர் ஒட்டுகிறார்கள்.

"ஒட்டுறான்" என்றாள் அவள்.

"யாரு?"

"தொப்பிக்காரன். இப்ப செருப்புக்காரன் ஒட்டுறான். இப்ப மறுபடியும் தொப்பிக்காரன்."

"நீ படம் சொல்றியா, பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிடுறியா?"

"இருக்கிறதைத்தானே சொல்ல முடியும்."

"சரி, விடு. நீ பார்." அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பசை தேய்க்கும் சத்தத்தைக் கேட்டபடி படம் முடியும் வரை உட்கார்ந்திருந்தார். மூடிய கதவுக்கு வெளியே யாராவது திறப்பார்கள் என்று காத்திருப்பவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

அந்த முகத்தைப் பார்த்த இடத்திலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். இந்தப் படம் இந்த ஊரை விட்டுப் போவதற்குள் அந்தப் பக்கத்து சீட்டில் அண்ணன் உட்கார வேண்டும். அண்ணனை மட்டும் தனியாகக் கூட்டிவந்து சீப்புக்காரர்கள் நடுவில் உட்கார வைக்க முடியாது. ஊரே வந்தால்தான் உண்டு. அப்படியானால் ஊரே வரட்டும்.

மறுநாள் காலை இரண்டு கட்சித் தலைவர்களும் புகாரோடு வந்தார்கள். வாளிக்கு மரக்கடைக்காரர். சீப்புக்கு வக்கீல், அவர் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது, சின்னமோ சீப்பு. ஒருவர் வருவது ஒருவருக்குத் தெரியாமல் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். ஆபீஸ் அறையில் இருந்தது ஒரே பெஞ்சு. ஆளுக்கு ஒரு முனையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெஞ்சுக்குக் கால்கள் நடுவில் இருந்தன. ஒருவர் எழுந்தால் மற்றவர் கீழே. அதனால் இருவரும் எழ முடியாமல் கோபப்பட்டார்கள்.

"செருப்புக் கட்சின்னு காட்டுறது எங்களைத்தான். அந்தக் காட்சியெல்லாம் எடுத்துடணும்" என்றார் மரக்கடைக்காரர்.

"அது எப்படி?" என்றார் வக்கீல். "செருப்புன்னு சொல்லியிருக்கிறது எங்களை. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"எங்களைத்தாங்க."

"ஐயா, அவமானத்துலயும் பங்கு கேட்காதீங்க."

தியேட்டர் அக்கா டீயை இருவர் கையிலும் கொடுத்தாள். "ரெண்டு பேருமே செருப்புன்னா, தொப்பி யாருங்க?" என்று கேட்டாள்.

இருவரும் டீயைக் குடித்தார்கள்.

"படம் பெட்டிக்குள்ள பூட்டித்தான் வருது. ஒரு நொடிகூட நான் வெட்ட முடியாது. முடிஞ்சாலும் வெட்ட மாட்டேன்" என்றாள். "இன்னொண்ணும் சொல்லிடுறேன். ஞாயிற்றுக்கிழமை பகல்ல ஒரே காட்சிதான். எல்லாருக்கும் சேர்த்து. வரிசையில யார் முதல்ல நிக்கிறாங்களோ அவங்களுக்கு முதல் சீட்டு. வாளி, சீப்பு எதுவும் கிடையாது."

"கலாட்டா ஆகும்மா. அப்புறம் எங்களைக் குறை சொல்லக்கூடாது."

"ஆகாதுங்க. நீங்க ரெண்டு பேரும் அடுத்தடுத்த சீட்டுல உட்காரப் போறீங்க. இதோ, இப்பவே உட்கார்ந்து காட்டிட்டீங்களே."

"எங்க ஆளுங்க வர மாட்டாங்க" என்றார் வக்கீல்.

"வராதவங்க வீட்டுக்கு நான் வருவேன்" என்றாள்.

சொன்னபடி போனாள். மூட்டு வலியோடு தெருத் தெருவாக நடந்தாள். யாரிடமும் நியாயம் பேசவில்லை. கர்ப்பமாக இருந்த தையல்காரப் பெண்ணிடம், "கதவு ஓரமா உனக்கு ஒரு சீட்டு வைக்கிறேன், அடிக்கடி எழுந்து போகலாம்" என்றாள். நெட்டையான தபால்காரரிடம், "கடைசி வரிசைதான் உங்களுக்கு, யாரும் திட்ட மாட்டாங்க" என்றாள். காது மந்தமான ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு ஒலிபெருக்கிக்கு நேர் கீழே. தனக்கென்று ஒரு இடம் யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபின் வர மாட்டேன் என்று சொல்வது மனிதர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. கடவுள் மனிதனைப் படைத்தபோது செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

கடைசியாகத்தான் பைப் கடைக்குப் போனாள். அண்ணன் ஒரு குழாயை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் அறுப்பதை நிறுத்தவில்லை.

"அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வரணும்."

"கட்சியில வரச் சொன்னா வருவேன்."

"கட்சிக்காகக் கூப்பிடலை. உங்க மாப்பிள்ளைக்குப் படம் சொல்ல ஆள் இல்லை."

"நீ இருக்கியே."

"நான் சொன்னா பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிடுற மாதிரி இருக்காம்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை ரம்பத்தின் சத்தத்தில் மறைத்துக்கொண்டார். பிறகு ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"நான் வேற யாரைப் பத்தி வேணா என்ன வேணா பேசியிருக்கலாம் பாப்பா. அவன் கண்ணைப் பத்திப் பேசினேன். கூட்டம் சிரிச்சப்ப எனக்கும் நல்லாத்தான் இருந்தது. இறங்கி வர்றப்ப யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியலை. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவன் பக்கத்துல உட்காருவேன்?"

"மூஞ்சி எப்படி இருந்தா என்ன? அவருக்குத் தெரியவா போகுது?"

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். இதைச் சொல்ல அவள் ஒருத்தியால்தான் முடியும்.

"கோபத்துல நீங்க வராம இருக்கீங்கன்னு அவர் நினைச்சிட்டிருக்கார்" என்றாள். "வெட்கத்துலன்னு தெரியாது. சீட்டு காலியா இருக்கும். என்ன ஆனாலும் வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன்." அதற்குமேல் நிற்காமல் கிளம்பினாள்.

வீட்டில் கணவர் இன்னொரு முரண்டு பிடித்தார். "நான் சீப்புக் கட்சிக்கு நகரச் செயலாளர். அவன் பக்கத்துல எப்படி உட்காருவேன்?"

"செயலாளரை வீட்டுல விட்டுட்டு நீங்க மட்டும் வாங்க."

"அவன் வருவேன்னு சொன்னானா?"

"சொல்லலை."

"அப்புறம்?"

"சீட்டு போட்டு வைக்கிறது என் வேலை. செஞ்சுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. பாதிப்பேர் படம் பார்க்க, மீதிப்பேர் கலாட்டா பார்க்க. யோசித்து வைத்த இடங்கள் போக மற்றவற்றுக்கு, வந்த வரிசைப்படியே அவள் ஜன்னலுக்குள்ளிருந்து டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். ஒரு வாளிக்காரர் டிக்கெட்டோடு திரும்பி வந்தார்.

"அக்கா, என் ரெண்டு பக்கமும் சீப்பு."

"பக்கத்துலதானே உட்காரச் சொன்னேன், மடியிலயா உட்காரச் சொன்னேன்? போங்க தம்பி, படம் போடப் போறாங்க."

மரக்கடைக்காரரும் வக்கீலும் அடுத்தடுத்து உட்கார்ந்து, நடுவிலிருந்த ஒரே கைப்பிடிக்காக முழங்கையால் தேர்தல் நடத்திக்கொண்டிருந்தார்கள். நடு வரிசை ஓரத்தில் மைக் செட்காரர். அவருக்குப் பக்கத்தில் காலி சீட்டு. விளக்கு அணைந்தது. அண்ணன் வரவில்லை.

முதலில் அதே இறுக்கம்தான். செருப்புக் கட்சித் தலைவர் திறந்துவைத்த பாலம் அவர் பேசி முடிப்பதற்குள் கீழே விழுந்தபோது, எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. தொப்பிக் கட்சித் தலைவர் அதே பாலத்தை மறுபடி திறந்துவைத்தபோது வக்கீலிடமிருந்து மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. மரக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்னங்க, சிரிச்சீங்களா?" "இல்லைங்க, சளி." அடுத்த காட்சியில் மரக்கடைக்காரருக்கும் சளி பிடித்தது. அப்புறம் அது அரங்கம் முழுக்கப் பரவிவிட்டது. எதிராளி சிரிக்கிறானே என்று திரும்பிப் பார்த்தவர்களும், திரும்பிய முகத்தோடு தாங்களே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

போஸ்டர் காட்சி வந்தது. சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. அத்தனை சிரிப்புக்கும் நடுவில் மைக் செட்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டு, எதற்கு என்று தெரியாத ஒரு பாதிப் புன்னகையோடு இருந்தார். தியேட்டர் அக்கா அவரிடம் போவதற்காகப் பின்னாலிருந்து இறங்க ஆரம்பித்தாள். அப்போது கதவுத் திரை விலகியது.

அண்ணன் நின்றார். இருட்டுக்குள் நுழைந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "நான் இங்கயே நின்னுக்கிறேன்" என்று கிசுகிசுத்தார்.

அவள் வாதம் செய்யவில்லை. தாமதமாக வரும் எவருக்கும் செய்வதைப் போல டார்ச்சை அவர் காலடியில் அடித்தாள். வெளிச்சத்தை ஒரு படி முன்னே நகர்த்தினாள். இருட்டில் மனிதனுடைய கால் வெளிச்சத்தின் பின்னால்தான் போகும். ஒரு படி, இன்னொரு படி என்று வெளிச்சம் நடு வரிசைக்கு வந்து காலி சீட்டின்மேல் நின்றது. அவர் உட்கார்ந்தார். அவள் டார்ச்சை அணைத்துவிட்டு, பின் வரிசையில் சாய்ந்து நின்றாள்.

மைக் செட்காரர் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். குழாய் ஒட்டும் பசையின் வாசனை அவருக்குத் தெரியாததல்ல.

"என்ன நடக்குது அங்க?" என்றார், முன்பின் தெரியாத ஆளைக் கேட்பதுபோல. "எல்லாரும் சிரிக்கிறாங்களே."

அண்ணன் அவர் காதோடு சாய்ந்தார்.

"சுவர்ல ஒட்டி ஒட்டி மெத்தை மாதிரி ஆகிப்போச்சு. வீட்டுக்காரன் காலையில எழுந்து கதவைத் திறக்கப் பார்க்கிறான், திறக்கலை. ஜன்னல்ல எட்டிப் பார்க்கிறான். அவன் மூஞ்சி மேலயும் ஒண்ணு ஒட்டிட்டான்."

"யாரு?"

"செருப்புக்காரன். என்னை மாதிரியே தொப்பை."

மைக் செட்காரரின் சிரிப்பு அரங்கத்தின் சிரிப்போடு சேர்ந்து கிளம்பியது. முன் வரிசையில் ஒருவர் பின்னால் சாய்ந்து, "அண்ணே, கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன்" என்றார்.

இடைவேளையில் இருவரும் எழவில்லை. அவள் கொண்டுபோய்க் கொடுத்த டீயைக் குடித்தார்கள். பேச்சு படத்தைப் பற்றி மட்டும்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு மேடைக் காட்சி. தொப்பிக் கட்சிப் பேச்சாளர், எதிர்க்கட்சிக்காரரின் ஊனமான காலைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார். படத்தில் இருக்கும் கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. தியேட்டரில் யாரும் சிரிக்கவில்லை. பைப் கடைக்காரர் சொல்வதை நிறுத்திவிட்டார்.

"சொல்லு" என்றார் மைக் செட்காரர். "பேசினவன் என்ன பண்றான்?"

அண்ணன் அவர் பக்கம் திரும்பிச் சொன்னார். "சிரிக்கிறான். ஆனா வாய்தான் சிரிக்குது. சொன்ன உடனே தெரிஞ்சுபோச்சு அவனுக்கு, சொல்லக்கூடாததைச் சொல்லிட்டோம்னு. மைக்கைப் பிடிச்ச கை கீழே இறங்குது. சொன்னதைத் திரும்ப வாங்க முடியாதான்னு பார்க்கிறான். கூட்டம் விடலை."

"அப்படியா?" என்றார் மைக் செட்காரர். "எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது."

"அதான் சொல்றேன்."

பின்னால் நின்றிருந்த தியேட்டர் அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தப் படத்தை அவள் மூன்றாவது முறையாகப் பார்க்கிறாள். அந்த இடத்தில் திரையில் தெரிவது கூட்டம் மட்டும்தான். பேசியவனின் முகத்தையோ கையையோ படத்தில் காட்டுவதே இல்லை.

படம் முடிந்து ஜனங்கள் கலைந்து போனார்கள். வக்கீலும் மரக்கடைக்காரரும் வாசலில் நின்று, செருப்பு யார் என்பதை மறுபடியும் எடுத்தார்கள். இந்த முறை ஒருவர் தோளில் ஒருவர் தட்டியபடி. மைக் செட்காரரும் பைப் கடைக்காரரும் வடிகால் திட்டத்தைப் பற்றிக் குரல் உயர்த்திச் சண்டை போட்டுக்கொண்டே தெருமுனை வரை நடந்தார்கள். வாளி ஆட்சியில் தோண்டிய பள்ளத்தைச் சீப்பு ஏன் மூடவில்லை என்று அண்ணன் கேட்டது தியேட்டர் வாசல் வரை கேட்டது. ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்திருந்தார்.

சாயங்காலம் வீட்டில் மைக் செட்காரர் கேட்டார். "அந்த மேடைக் காட்சியில பேசினவன் முகத்தைக் காட்டினாங்களா?"

அவள் வாழ்நாளில் அவரிடம் பொய் சொன்னதில்லை. இன்றும் சொல்ல அவளுக்கு மனமில்லை.

"படத்துல இல்லைங்க" என்றாள். "ஆனா எங்க அண்ணன் சொன்னது அத்தனையும் நிஜம்."

அவர் கையை நீட்டி வானொலியை அணைத்தார்.

"எனக்கும் தெரியும்" என்றார் பிறகு. "அந்த நேரத்துல படத்தோட மைக்ல கூட்டத்தோட சத்தம்தான் கிட்ட கேட்டுது. பேசினவன் எங்கயோ தூரத்துல இருந்தான்." கையால் துழாவிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "கல்லாப்பெட்டின்னு முதல்ல நான்தானே ஆரம்பிச்சேன். அவன் கடையை மூடுறதுக்குள்ள போயிடலாம், வா. சாப்பிட நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். வடிகால் விஷயத்துல அவன் சொல்றது சுத்தத் தப்பு, அதையும் சொல்லணும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.